மருத்துவரின் மென்சொல்: ஸ்பானிய மரபில் ஓர் அறவினா

நோயாளியிடம் பேசும் மருத்துவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளதை உள்ளபடி தெரிவிப்பது ஒன்று, கேட்பவர் நிலைகுலையாதவாறு தெரிவிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், சொல்லை மென்மைப்படுத்துவது எதுவரை அறமாகும், எவ்விடத்தில் அது பொய்யாகத் திரிகிறது என்னும் வினா, மருத்துவ நூல்களைக் காட்டிலும் மெய்யியல் நூல்களிலும் சமய அறநூல்களிலுமே நெடுங்காலம் ஆராயப்பட்டு வந்துள்ளது. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இவ்வினா தனிக் கூர்மை பெறுகிறது. சொல்லைத் தணித்துரைப்பதற்கான இலக்கணக் கருவிகள் அம்மொழியில் செறிந்து கிடக்கின்றன. அந்நாடுகளில் வேரூன்றிய கத்தோலிக்கச் சிந்தனையோ, பொய்க்கும் மறைப்புக்கும் இடையிலுள்ள எல்லையைப் பற்றி மிக நுணுக்கமாக வாதிட்ட அறிஞர்களைத் தந்திருக்கிறது.

தணித்துரைத்தல் என்று இங்குக் குறிக்கப்படுவது, ஒரு கூற்றின் வலுவையோ அது தாங்கிவரும் செய்தியின் கூர்மையையோ குறைத்துச் சொல்லும் வழக்காகும். வலென்சியாவைச் சேர்ந்த அந்தோனியோ பிரிஸ் முதலிய மொழியியலாளர்கள் பேச்சு ஸ்பானியத்தில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மருத்துவர் 'உப்பைக் குறையுங்கள்' என்று ஏவாமல், 'குறைத்தால் நன்றாயிருக்கும்' என்ற பொருளில் 'கொன்வெந்த்ரியா' என்னும் வினையை ஆள்கிறார். இது நிபந்தனை வினை, அதாவது ஒரு செயலை நடந்தேயாக வேண்டியதாகக் காட்டாமல், ஏதோ ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு நடக்கக்கூடியதாகக் காட்டும் வினைவடிவம். பெயர்ச்சொல்லின் இறுதியில் சேரும் சிறுமை விகுதி, பொருளைச் சிறியதாக்குவதோடு அதன்மேல் பரிவையும் ஏற்றுகிறது; மாத்திரை 'பாஸ்தியீத்தா' எனவும், ஊசிக்குத்து 'பிஞ்சசீத்தோ' எனவும், கொஞ்சம் என்பது 'போக்கீத்தோ' எனவும் ஆகின்றன. 'இந்த மாத்திரையை எனக்கு எட்டு மணிக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று, தேவையில்லாததுபோல் தோன்றும் 'எனக்கு' ஒன்றை மருத்துவர் இடைச்செருகுவதும் உண்டு. நோயாளி மருந்தை விட்டுவிட்டால் அதனால் பாதிக்கப்படுபவர்களுள் தாமும் ஒருவர் என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. மரியாதைக்குரிய முன்னிலையான 'உஸ்தெத்' விலக்கிவைக்கும் தொலைவைச் சிறுமை விகுதி குறைத்துவிடுவதால், மரியாதையும் நெருக்கமும் ஒரே வாக்கியத்தில் இணைந்து நிற்க முடிகிறது.

பெனலப்பி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1987-இல் நூலாக வெளியிட்ட பணிவுக் கோட்பாடு, அறிவுரையை அடுத்தவரின் தன்னுரிமைக்குள் நுழையும் ஊடுருவலாகக் கருதியது. தணித்துரைப்பது அந்த ஊடுருவலுக்கான ஈடு என்பது அவர்கள் விளக்கம். ஸ்பானியப் பேச்சை ஆராய்ந்த தியானா பிராவோ போன்றோர், தன்னுரிமை என்பதும் இணைப்புணர்வு என்பதும் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபட்டே நிரம்புகின்றன என்று காட்டி, அக்கோட்பாட்டின் பொதுமையை மறுத்தனர். இணைப்புணர்வாவது, குழுவால் தம்முள் ஒருவராக ஏற்கப்பட வேண்டும் என்னும் விழைவு. சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடந்த மருத்துவ உரையாடல்களை ஆராய்ந்து மரீசா கொர்தெல்லா 2004-இல் வெளியிட்ட நூல், மருத்துவரின் பேச்சில் மூன்று குரல்களைப் பிரித்துக் காட்டுகிறது: தகவல் திரட்டி முடிவு கூறும் மருத்துவக் குரல், விளக்கிக் கற்பிக்கும் ஆசிரியக் குரல், உடன்வாழும் மனிதரின் குரல். ஸ்பானியத்தில் அறிவுரை தணிந்து வருவதற்கு விலகி நிற்கும் பணிவு மட்டும் காரணமன்று, நெருங்கி வரும் விருப்பமும் காரணம் என்பதை மூன்றாவது குரல் தெளிவாக்குகிறது. ஆயினும் நெருக்கம் தன்னளவில் அறமாகிவிடாது. கனிவோடு ஏமாற்றுவதும் மனிதர்க்கு இயல்வதே.

தணிப்பை ஒரே பொருளாகக் கொண்டு நல்லதா தீயதா என்று கேட்பதால்தான் இவ்வாதம் பெரும்பாலும் முடிவின்றி நின்றுவிடுகிறது. இத்தாலிய மருத்துவ உரையாடல்களைக் கொண்டு கிளாவுதியா காஃபி 1999-இல் முன்வைத்த பகுப்பு இங்கே பெரிதும் உதவுகிறது. தணிப்பு ஒரு கூற்றின் மூன்று வெவ்வேறு இடங்களில் செயற்படக்கூடும் என்றும், அவற்றைப் புதர், வேலி, கேடயம் என்று பெயரிட்டு வேறுபடுத்தலாம் என்றும் அவர் கூறினார். புதர் என்பது சொல்லப்படும் செய்தியையே மங்கலாக்குவது. கட்டியைக் 'குட்டிக் கட்டி' என்றும், நீரிழிவைக் 'கொஞ்சம் சர்க்கரை' என்றும் சொல்வது இதில் அடங்கும். வேலி என்பது செய்தியைத் தொடாமல், அதைச் சொல்லும் செயலின் வலுவை மட்டும் குறைப்பது. ஏவல் நின்ற இடத்தில் நிபந்தனை வினையை நிறுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு. கேடயம் என்பது, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்பதை மாற்றிக் காட்டுவது. 'பரிந்துரைக்கப்படுகிறது' என்னும் ஆளில்லா வாக்கியமும், 'நாம் புகையிலையை விட வேண்டும்' என்னும் பன்மையும் இவ்வகை. காஃபி இவற்றை மொழியியல் நோக்கில் பிரித்தாரேனும், அறநோக்கில் இவற்றின் நிலை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

முதலில் வேலியை எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்க ஒழுக்கவியல், கட்டளையையும் அறிவுரையையும் தொன்றுதொட்டு வேறுபடுத்தி வந்துள்ளது. கட்டளை கடமையை உண்டாக்குகிறது, அறிவுரையோ கேட்பவரின் தெரிவுக்கு விடப்படுகிறது என்று தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்க'த்தில் வரையறுத்தார். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவை கட்டளைகள் எனப்படாமல் நற்செய்தி அறிவுரைகள் எனப்படுவது இதனாலேயே. 1526 முதல் சலமாங்காவில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தே வித்தோரியா, தம் உயிரைக் காத்துக்கொள்வதற்குக் கிடைக்கக்கூடிய எல்லா உணவையும் மருந்தையும் ஒருவர் தேடிச் செல்ல வேண்டிய கடமை இல்லை என்று வாதிட்டபோது, இவ்வேறுபாட்டின் ஒரு பயனை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார் எனலாம். மருத்துவருக்கு நோயைப் பற்றிய அறிவு உண்டு. நோயாளியின் வாழ்வின்மேல் ஆட்சியுரிமை இல்லை. ஆகவே அவர் வாயிலிருந்து வருவது இயல்பிலேயே அறிவுரைதான், கட்டளையன்று. 'கொன்வெந்த்ரியா' என்று சொல்லும் மருத்துவர் உண்மையை எவ்வகையிலும் குறைத்துவிடவில்லை. தம் சொல்லின் உண்மையான தகுதியை வாக்கியத்தின் வடிவிலேயே ஒப்புக்கொள்கிறார். ஏவலில் பேசுவதே நேர்மை என்று கருதுவோர், உரத்துச் சொல்வதையும் உண்மை சொல்வதையும் ஒன்றெனக் கொண்டுவிடுகின்றனர்.

புதரின் நிலை இவ்வாறன்று. இதை ஆராய்வதற்குப் பொய்யைப் பற்றிய பழைய வாதத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. புனித அகுஸ்தினார் 'பொய்க்கு எதிராக' என்னும் நூலை ஏறத்தாழ கி.பி. 420-இல் எழுதியபோது, நோயாளியின் படுக்கையருகே நிகழும் ஒரு சூழலையே கடுமையான சோதனையாக எடுத்துக்கொண்டார். உயிருக்குப் போராடும் ஒருவரின் ஒரே மகன் இறந்துவிட்டான். அது தெரியாத அவர் மகனைப் பற்றிக் கேட்கிறார். உண்மையைக் கேட்டால் அவரும் இறந்துவிடக்கூடும். இருக்கிறான், இறந்துவிட்டான், தெரியாது என்னும் மூன்று விடைகளுள் இரண்டு பொய்யாகும். தாமும் மனிதரே ஆதலால் இத்தகைய சூழல் தம்மை உலுக்குகிறது என்று அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு பொய்யை அனுமதித்தால் அடுத்ததைத் தடுக்க வழியிராது என்று கூறி, எப்பொய்யும் பாவமே என்ற நிலையில் உறுதியாக நிற்கிறார். அக்குவினாஸ் இந்நிலையை ஏற்றுக்கொண்டபோதும், பிறர் நன்மைக்காகச் சொல்லப்படும் பொய் சாவான பாவம் ஆகாது என்றும், பொய் சொல்லாமலேயே உண்மையை விவேகத்தோடு மறைப்பது தகும் என்றும் இரு வாயில்களைத் திறந்துவைத்தார்.

ஸ்பானியச் சிந்தனையாளர்கள் நுழைந்து நெடுந்தூரம் சென்றது அந்த இரண்டாவது வாயில் வழியாகத்தான். நவார்ரா நாட்டைச் சேர்ந்த திருச்சபைச் சட்ட அறிஞர் மார்த்தின் தே அஸ்பில்குவெத்தா, 1584-இல் எழுதிய உரையொன்றில், ஒரு கூற்று பாதி வாயாலும் பாதி மனத்தாலும் அமையலாம் என்றார். வாயால் சொன்னது தனியே பொய்யாகத் தோன்றினாலும், மனத்துள் நிறுத்திக்கொண்ட எஞ்சிய பகுதியோடு சேர்ந்து மெய்யானால், கடவுள்முன் அது மெய்யே என்பது அவர் வாதம். மன ஒதுக்கீடு எனப்பட்ட இக்கோட்பாட்டைப் பிரான்சில் பாஸ்கல் கடுமையாகத் தாக்கினார். அதன் மிகைப்பட்ட வடிவங்களை 1679-இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் கண்டனம் செய்தார். அஸ்பில்குவெத்தாவை வெறும் சூழ்ச்சிக்காரராகக் காண்பது நேர்மையன்று. மனச்சான்றும் அதிகாரமும் மோதும் இடங்களில் மனிதர் நசுங்கிப்போவதைக் கண்டு அதற்கு வழி தேடியவர் அவர். ஆனால் அவர் வாதத்தின் குறை மருத்துவருக்குப் பாடமாக அமைகிறது. கூற்றின் உண்மையை அளக்கும் இடத்தை அவர் கேட்பவரின் செவியிலிருந்து சொல்பவரின் உள்ளத்துக்கு மாற்றிவிட்டார். 'குட்டிக் கட்டி' என்று சொல்லும் மருத்துவரும் அதையே செய்கிறார். அக்கட்டி புற்றாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். வாக்கியத்தின் எஞ்சிய பகுதி அவர் மனத்தில் முழுமையாக இருக்கிறது. நோயாளியின் கைக்கு வந்து சேர்வதோ சிறுமை விகுதி மட்டுமே.

1647-இல் 'விவேகக் கலை' பற்றிய கைந்நூலை வெளியிட்ட இயேசு சபைத் துறவி பால்தசார் கிரசியான், உண்மை ஆபத்தானது என்றும், நல்ல மனிதர் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றும், அதனாலேயே மன மருத்துவர்கள் அதை இனிப்பாக்கித் தரும் வழியைக் கண்டுபிடித்தனர் என்றும் எழுதினார். அவர் இங்கு மிகச் சரியான இடத்தில் நிற்கிறார் என்றே கொள்ள வேண்டும். இனிப்பாக்கிய மருந்திலும் மருந்து முழு அளவில் இருந்தாக வேண்டும் என்பது அவ்வுருவகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஊசி போடும்போது 'பிஞ்சசீத்தோ' என்பதில் குற்றமில்லை, ஏனெனில் வலியின் அளவை அடுத்த நொடியிலேயே நோயாளி தாமே அறிந்துவிடுவார். அவர் எடுக்கப்போகும் முடிவு எதுவும் அச்சொல்லை நம்பி நிற்கவில்லை. 'கொஞ்சம் சர்க்கரை' என்பதை நம்பியோ உணவு, மருந்து, கண் பரிசோதனை, பாதப் பராமரிப்பு என்று பல ஆண்டுகளுக்கான முடிவுகள் நிற்கின்றன. ஆக, விகுதி ஒன்றேயாயினும், அதன்மேல் ஒரு முடிவு எழப்போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் அறநிலை மாறிவிடுகிறது. மிகேல் தே உனமூனோ 1931-இல் வெளியிட்ட 'சான் மனுவேல் புவேனோ' என்னும் குறுநாவலில், மறுவாழ்வில் நம்பிக்கை இழந்த பங்குத்தந்தை ஒருவர், ஊராரின் அமைதி குலையக்கூடாது என்பதற்காகத் தம் நம்பிக்கையின்மையை இறுதிவரை மறைத்து வாழ்கிறார். அவரை மன்னிக்க மனம் வந்தாலும், அதை மருத்துவருக்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. அவர் மறைத்தது தம் உள்ளத்தின் நிலையை, மருத்துவர் மறைப்பது நோயாளியின் உடலின் நிலையை.

கேடயம் இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. 'நாம் உப்பைக் குறைப்போம்' என்னும் பன்மை, துணைநிற்பதற்கான வாக்குறுதியாகவும் இருக்கலாம், குழந்தையிடம் பேசும் தோரணையாகவும் இருக்கலாம். கேட்பவரை உட்படுத்தும் 'நாம்' என்பதையும் விலக்கும் 'நாங்கள்' என்பதையும் ஸ்பானிய வினைவடிவம் தமிழைப்போல் பிரித்துக் காட்டாததால், அந்தப் பன்மைக்குள் மருத்துவர் உண்மையில் இருக்கிறாரா என்பதைப் பின்வரும் அவர் நடத்தைதான் மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் ஸ்பெயினில் நெடுங்காலம் நிலவிய மிகப் பெரிய கேடயம் இலக்கணத்தைச் சேர்ந்ததன்று; அது குடும்பம். புற்றுநோய் போன்ற கடும் நோய்களில் மருத்துவர் முதலில் உறவினரிடம் சொல்வதும், நோயாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாமென்று அவர்கள் வேண்டிக்கொள்வதும், நோயாளிக்குத் தெரிந்திருந்தும் தெரியாததுபோல் நடந்துகொள்வதும் சேர்ந்து உருவாகும் நிலையை அந்நாட்டினர் 'மௌன ஒப்பந்தம்' என்றே அழைக்கின்றனர். அன்பினால் நெய்யப்பட்ட இந்த மௌனம், இறப்பவரைத் தம் இறப்பைப் பற்றிப் பேச ஆளின்றித் தனிமைப்படுத்திவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள பெருந்துயரம்.

சட்டம் இதனைப் படிப்படியாகவே மாற்றியது. 1986-ஆம் ஆண்டின் பொது நலவாழ்வுச் சட்டம், முழுமையான தகவல் நோயாளிக்கும் அவர்தம் உறவினர்க்கும் தரப்பட வேண்டும் என்று இருவரையும் ஒரே வரியில் வைத்தது. அஸ்தூரியாஸ் பகுதியின் ஒவியேதோ நகரில் 1997-இல் கையெழுத்தான ஐரோப்பிய உயிர்மருத்துவ உடன்படிக்கை, தம் உடல்நிலையை அறியும் உரிமையைத் தனிமனிதருக்கு உறுதிசெய்தது. அதன் வழியில் வந்த 2002-ஆம் ஆண்டின் 41-ஆம் எண் சட்டம், தகவலுக்கு உரியவர் நோயாளியே என்றும், உறவினருக்கு அவர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ இசையும் அளவுக்கே சொல்லலாம் என்றும் வரையறுத்தது. அதே சட்டம், உண்மையை அறிவதே நோயாளியின் நலத்துக்குக் கடுந்தீங்கு விளைவிக்கும் என்பதற்குப் புறநிலையான காரணங்கள் இருந்தால், சொல்லாமலே செயற்படும் உரிமையை மருத்துவருக்குத் தந்து, அகுஸ்தினார் எடுத்துக்காட்டிய அந்த நோயாளிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

வேலிக்குச் சார்பாக மேலே சொல்லப்பட்டதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மருத்துவர் வலுவை மட்டுமே குறைத்திருக்கலாம். கேட்பவரோ செய்தியே அவ்வளவுதான் என்று கொள்கிறார். 'விட்டால் நன்றாயிருக்கும்' என்று சொன்னாரே தவிர 'விட்டேயாக வேண்டும்' என்று சொல்லவில்லையே, அப்படியானால் பெரிய ஆபத்தில்லை என்று அவர் எண்ணிக்கொண்டு வீடு திரும்பினால், வேலி அங்கே புதராகிவிடுகிறது. இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இதற்கான விடையை, பெத்ரோ லாயின் என்த்ரால்கோ என்னும் மருத்துவ வரலாற்றறிஞர் 1964-இல் வெளியிட்ட மருத்துவர்–நோயாளி உறவு பற்றிய நூலின் போக்கிலிருந்து பெறலாம். பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் காட்டும் இருவகை மருத்துவர்களை லாயின் எடுத்தாள்கிறார்: அடிமைகளுக்கு மருந்து தரும் அடிமை மருத்துவர் எதையும் விளக்காமல், கொடுங்கோலரைப்போல் கட்டளையிட்டுவிட்டு அடுத்தவரிடம் விரைகிறார், சுதந்திர மனிதரின் மருத்துவர் நோயாளியோடும் அவர் நண்பர்களோடும் உரையாடி, தாமும் கற்று, அவருக்கும் கற்பித்து, அவரை இணங்கவைத்த பிறகே மருந்து குறிக்கிறார். மருத்துவ நட்பு என்று லாயின் குறித்தது இந்த உறவின் முழு வடிவத்தை. பிளேட்டோவின் சுதந்திர மருத்துவரிடம் மென்மை இருந்தது, விளக்கமும் இருந்தது, விளக்குவதற்கு வேண்டிய நேரமும் இருந்தது. நேரமும் விளக்கமும் இல்லாத மென்மை, நிபந்தனை வினையில் பேசும் அடிமை மருத்துவம் மட்டுமே. ஒரு நோயாளிக்குக் குறைந்தது 10 நிமிடமாவது வேண்டும் என்று ஸ்பெயினின் குடும்ப மருத்துவர்கள் ஓர் இயக்கமே நடத்தியதைச் சம்பளம், பணிச்சுமை பற்றிய கோரிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது. மெய்யைச் சிதைக்காமல் மென்மையாகச் சொல்வதற்கு இன்றியமையாத நிபந்தனை அது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானியம் பேசும் நோயாளிகளிடம் இச்சிக்கல் மேலும் ஒரு மடிப்புக் கொள்கிறது. ஆங்கிலத்தில் சொல்லப்படும் அறிவுரையை எவ்வளவு தணிப்பது என்பதை அங்கே பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளரே முடிவுசெய்கிறார். கலிபோர்னியாவில் இத்தகைய உரையாடல்களை ஆராய்ந்து பிராட் டேவிட்சன் 2000-இல் எழுதிய கட்டுரை, மொழிபெயர்ப்பாளரை நிறுவனத்தின் வாயிற்காவலர் என்றே குறித்தது. வேலி எது, புதர் எது என்று பிரித்தறியும் பொறுப்பு, அதற்கான மருத்துவ அறிவோ அதிகாரமோ இல்லாத ஒருவரிடம் அங்கே போய்ச்சேர்கிறது.

அறியாதிருக்க விரும்பும் நோயாளியைப் பற்றிய சிக்கல் இவையனைத்தையும்விடக் கடினமானது. தமக்குத் தகவல் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவ்விருப்பத்தைப் பதிவுசெய்த பிறகும் சிகிச்சைக்கு அவருடைய இசைவைப் பெற்றாக வேண்டும் என்றும் கூறுகிறது. அவருடைய நலம், பிறர் நலம், சமூக நலம், சிகிச்சையின் தேவை ஆகியவற்றை முன்னிட்டு அவ்வுரிமைக்கு எல்லையும் வகுக்கிறது. அறிய விரும்பாதவரிடம் அறிந்து தரும் இசைவைக் கேட்பது முரணாகத் தோன்றினாலும், ஸ்பானிய மருத்துவர்கள் 'எப்பிசே' என்னும் சுருக்கப் பெயரால் பின்பற்றும் ஆறுபடி முறை, இம்முரணைக் கையாளும் வழியை மூன்றாம் படியிலேயே வைத்திருக்கிறது: செய்தியைச் சொல்லும் முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்க வேண்டும். அவர் போதும் என்று நிறுத்தும் இடத்தில் மருத்துவர் நிறுத்தினால், அங்கே சொல்லப்படாமல் நிற்கும் பகுதி மருத்துவரின் மனத்துக்குள் ஒதுக்கிவைக்கப்பட்டதன்று; அப்படி ஒரு பகுதி இருக்கிறது என்பதை நோயாளி அறிவார், நாளையோ அடுத்த வாரமோ அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.